கட்டைவிரலில் இருந்து கபாலத்துக்கு

எங்கள் நகரத்து முதியவர்களின் மூளை கால் கட்டைவிரலில் இருக்கிறது என்ற உண்மை சென்ற மழைக்காலத்தில்தான் வெளியாயிற்று. அதுவரை அது தலைக்குள் இருப்பதாக நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். பாவம், பள்ளிக்கூடத்தில் சொன்னதை நம்பிவிட்டோம்.

உண்மையை வெளியிட்டவர் பாதநாடி ஐயா. செருப்புக் கடைக்கு மேலே, மேசை நாற்காலி விற்றுத் திவாலான ஒரு கூடத்தில் கடை விரித்தார். கடை என்று சொன்னால் கோபித்துக்கொள்வார், 'பாத பீடம்'. வரிசை மாடிப்படியில் இறங்கி, செருப்புக் கடையைச் சுற்றி, மருந்துக் கடையின் வாசலை அடைத்து நின்றது. மருந்துக் கடைக்காரர் வயிற்றெரிச்சல் தாங்காமல் விற்கவேண்டிய மாத்திரையைத் தானே விழுங்கினார். வரிசையின் வால் பக்கத்து ஊரில் இருந்ததாகவும், அதற்கென்று தனி நகராட்சி அமைக்க மனுப் போட்டதாகவும் பேச்சு. நான் குறைத்தே சொல்கிறேன்.

ஐயாவின் தத்துவம் எளிமையானது. ரத்தத்தில் யூரிக் ஆசிட் கூடினால் கட்டைவிரல் மூட்டில் ஊசிமாதிரிப் படிகம் சேரும், அதுதான் கௌட். இதுவரை டாக்டர்களும் சொல்வார்கள். இதற்கு மேல் ஐயா சொல்வது. அந்தக் கல் சும்மா இருக்காது. கணுக்காலில் ஏறி, முழங்காலில் கொஞ்சம் இளைப்பாறி, முதுகெலும்பை ஏணியாகப் பிடித்து, நேரே மூளைக்குப் போய் உட்காரும். பிறகு கை நடுக்கம், மறதி, வைத்த கண்ணாடியை வீடெல்லாம் தேடுவது. சுவரில் ஒரு பத்திரிகைச் செய்தியைப் பெரிதாக்கி மாட்டியிருந்தார்: 'கௌட்டுக்கும் நரம்பு நோய்க்கும் தொடர்பு உண்டா?' மாட்டும்போது அந்தக் கேள்விக்குறியை மட்டும் கத்தரித்துவிட்டார். சிறிய அறுவை சிகிச்சை. அவர் வாழ்நாளில் செய்த ஒரே அறுவை சிகிச்சை அதுதான்.

வைத்தியம் கண்கொள்ளாக் காட்சி. ஒரு பிளாஸ்டிக் பேசின். அதில் வெந்நீர், வெந்நீரில் 'சஞ்சீவி உப்பு'. கால் உள்ளே போனதும் பேசினை முழங்கால்வரை கறுப்பு வெல்வெட் துணியால் மூடிவிடுவார்கள். வெளிச்சம் பட்டால் கல் வெட்கப்பட்டு மேலே ஓடிவிடுமாம். ஐயா கண்ணை மூடி, துணிக்கு மேலே கையை வைத்து உறுமுவார். 'இறங்கு, இறங்கு' என்று கல்லை மிரட்டுவார். கடைசியில் ஒரு செம்பு ஐஸ் தண்ணீரை ஊற்றுவார். கொஞ்ச நேரம் கழித்துக் காலை எடுத்துத் துடைத்து, பேசினைச் சாய்த்தால் அடியில் வெள்ளை வெளேரென்று கல். அதைக் கண்ணாடிக் குப்பியில் போட்டுக் கையில் கொடுப்பார்கள். வீட்டுக்கு வீடு கண்ணாடி அலமாரியில் பேரப்பிள்ளைகள் பரிசாக வாங்கிய கோப்பைகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, தாத்தாக்களின் குப்பிகள் முன்னால் வந்தன. "எனக்கு முக்கால் குப்பி." "அவ்வளவுதானா? எனக்கு மூடியே போட முடியல."

இந்தக் கூத்தைக் கைதட்டி ரசித்துக்கொண்டிருந்தேன், என் அண்ணன் அந்த வரிசையில் போய் நிற்கும்வரை.

அண்ணன் பேருந்தில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். பணியில் இருந்த காலமெல்லாம் ஒரு பயணியையும் நம்பாதவர். டிக்கெட்டை மூக்குமேல் ஒட்டிக் காட்டினாலும் திருப்பிப் பார்ப்பவர். அப்பேர்ப்பட்டவருக்குக் கட்டைவிரலில் கௌட். வலது கையில் நடுக்கம் வேறு. இரண்டுக்கும் தனித்தனியாக மாத்திரை இருந்தது. ஐயா இரண்டையும் நிறுத்தச் சொன்னார். மாத்திரை கல்லைக் கெட்டியாக்கிவிடுமாம். அண்ணன் நிறுத்தினார்.

நான் போனபோது கட்டைவிரல் தக்காளிபோல் சிவந்திருந்தது. கையில் பிடித்த டம்ளர் தந்தி அடித்தது. அறை வாசல்வரை வந்த அண்ணன், கால் தரையில் ஒட்டியதுபோல் அங்கேயே நின்றுவிட்டார். காலை எடுத்து வைக்க முடியவில்லை. அண்ணி முன்னால் வந்து, "வாங்க, என் காலைத் தாண்டி வைங்க" என்று தன் பாதத்தை நீட்டினாள். தாண்ட ஏதாவது இருந்தால்தான் அவர் கால் நகரும். அதைத் தாண்டித்தான் உள்ளே வந்தார்.

"ரெண்டு வாரமா இப்படித்தான். நேத்து குளியலறையில விழப் பார்த்தாரு" என்றாள் அண்ணி என்னிடம்.

"கல்லு இறங்கும்போது அப்படித்தான் இருக்கும்னு ஐயா சொல்லியிருக்காரு" என்றார் அண்ணன்.

"ஏறும்போதும் அப்படித்தான், இறங்கும்போதும் அப்படித்தான். நல்ல கல்லு" என்றாள் அண்ணி.

"உனக்கென்ன தெரியும்? மூளைக்கு ஏறிருச்சுன்னா எல்லாம் மறந்துடும். நாளைக்கு உன் பேரே மறந்துபோச்சுன்னா?"

"மறந்தா என்ன? இத்தனை வருஷமா 'இந்தா'ன்னுதானே கூப்பிடுறீங்க."

அண்ணன் சிரிக்கவில்லை. டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து மெல்லக் கீழே வைத்தார். நடிப்பு இல்லை, மனிதர் உண்மையாகவே பயந்திருந்தார். பாதநாடி ஐயா சம்பாதிப்பது காலில் இருந்து அல்ல, இந்தப் பயத்தில் இருந்து என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அண்ணி எதிரில் உட்கார்ந்தாள். "சரி, சண்டை வேணாம். என் தம்பியைக் கூட்டிட்டுப் போவோம். அவன் இடது காலை வைக்கட்டும். கல்லு விழலைன்னா உங்க ஐயா உத்தமர். நான் வாயைத் திறக்க மாட்டேன், மாத்திரையெல்லாம் குப்பையில போட்டுடறேன். விழுந்தா, அன்னைக்கே டாக்டர்கிட்ட வந்து மாத்திரையைத் தொடங்கணும். சம்மதமா?"

அண்ணியின் தம்பி லாரி ஓட்டியவர். விபத்தில் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அங்கே இருப்பது செயற்கைக் கால். அண்ணனுக்கு அது நன்றாகவே தெரியும்.

அண்ணன் நிமிர்ந்தார். "அதுல எப்படி கல்லு விழும்? அதுல ரத்தமா ஓடுது? ஐயா கையை வைச்ச உடனே கண்டுபிடிச்சிருவாரு."

"கண்டுபிடிக்கட்டும். சம்மதமா, இல்லையா?"

"சம்மதம்."

மறுநாள் நாங்கள் நால்வரும் மாடி ஏறினோம். லாரிக்காரர் பேன்ட்டும் சாக்ஸும் ஷூவுமாகக் கனவான்போல் வந்தார். முறை வந்ததும் உதவியாளர் குனிந்து, "எந்தக் கால்?" என்றார்.

"இடது. வலின்னா வலி, தம்பி, சொல்ல முடியாத வலி" என்றார் லாரிக்காரர். அது நிஜம்தான், வலித்தால்தானே சொல்ல முடியும். உதவியாளர் வெல்வெட் துணியை விரித்துப் பிடிக்க, அதன் மறைவில் ஷூவைக் கழற்றி, சாக்ஸோடு காலை வெந்நீருக்குள் விட்டார். யாரும் குனிந்து பார்க்கவில்லை. அந்தக் கூடத்தில் காலைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்ப்பார்கள்.

பாதநாடி ஐயா வந்தார். கண்ணை மூடினார். துணிக்கு மேல் கையை வைத்தார். அண்ணன் என் தோளைப் பிடித்துக்கொண்டார். "இப்ப பாரு, கண்டுபிடிச்சிருவாரு" என்று முணுமுணுத்தார்.

"ரொம்ப முத்தின கேஸ்" என்றார் ஐயா. "உள்ளங்கால்ல குறுகுறுன்னு ஏதாவது ஓடுதா?"

"ஓடுதுங்க ஐயா. லாரி மாதிரி ஓடுது."

"கல்லு நகருது. வெந்நீர் சுடுதா?"

"இந்தக் கால் சூடு நல்லா தாங்கும் ஐயா."

"உணர்ச்சி கம்மியாயிருக்கு. நரம்பைத் தொட்டிருச்சு. இன்னும் ஒரு மாசம் விட்டிருந்தா பெத்த தாயையே மறந்திருப்பே."

கூட்டம் 'ச்சு' கொட்டியது. ஒரு பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஐயா உறுமினார், மிரட்டினார், வியர்த்தார். ஐஸ் தண்ணீர் இறங்கியது. காலைத் துணியால் மூடியபடியே ஓரமாக எடுத்து வைத்துவிட்டு, பேசினைச் சாய்த்தார்கள். கல்லென்றால் கல், அப்படி ஒரு கல். அண்ணனுக்கு இதுவரை விழுந்ததைவிட இருமடங்கு.

"இவ்வளவு பெரிய விளைச்சலை நான் பார்த்ததே இல்லை" என்றார் ஐயா.

அண்ணன் என் தோளை விட்டார். யார் கையையும் பிடிக்காமல் தானே நடந்துபோய், நடுங்கும் கையால் வெல்வெட் துணியின் நுனியைப் பற்றினார். ஒரு இழுப்பு. அப்புறம் சாக்ஸ்.

பேசின் ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் பாதம், ஐந்து விரலும் அச்சில் வார்த்தது, சொட்டச் சொட்ட நின்றது.

ஐயா லேசுப்பட்டவர் இல்லை. "உடம்போட ஒட்டியிருக்கறதால கட்டைக் காலுக்கும் யூரிக் இறங்கும்" என்றார்.

லாரிக்காரர் காலைக் கழற்றி அவர் மடியில் வைத்தார். "போன மாசம்தான் ஐயா வாங்கினேன். அதுக்குள்ள பெத்த தாயை மறந்துருச்சா?"

முதலில் ஒரு சிரிப்பு. பிறகு கூட்டம் எழுந்தது. மேசைக்கு அடியில் இருந்த சாக்கை யாரோ இழுத்தார்கள். உள்ளே படிகாரம், சவரம் செய்தபின் கன்னத்தில் தேய்ப்பார்களே, அதேதான். வெந்நீரில் நிறையக் கரைத்து, மேலே ஐஸ் தண்ணீர் ஊற்றினால் அது திரும்பவும் கல்லாகும். காலே வேண்டாம், கரண்டியை விட்டாலும் கல் விழும். எங்கள் நகரத்துப் பெரியவர்கள் சவரப் படிகாரத்தை அலமாரியில் பூட்டி வைத்து, வந்தவர்களிடம் தங்கள் மூளை என்று காட்டியிருக்கிறார்கள்.

ஐயா பின்பக்கப் படி வழியாக இறங்கி ஓடினார். அவர் கால்களில் ஒரு கோளாறும் இல்லை என்பதற்கு நாங்கள் எல்லோரும் சாட்சி.

அன்று மாலையே அண்ணன் டாக்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். அண்ணி நடந்ததையெல்லாம் சொல்லி முடித்ததும், டாக்டர் முதலில் மாத்திரையை நிறுத்தியதற்குத் திட்டினார். நடுக்கத்துக்கான மாத்திரையை இப்படித் திடீரென்று நிறுத்துவது ஆபத்து என்றார். அண்ணன் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, கடைசியில் மெல்லக் கேட்டார்: "கௌட்டு மூளைக்கு வருமா, வராதா டாக்டர்?"

"கால்ல இருக்கிற கல்லு ஏணி வைச்சு ஏறாது. ஆனா ரெண்டு நோய்க்கும் ஏதாவது தொடர்பு இருக்கான்னு தேடிக்கிட்டுதான் இருக்காங்க. ஒரு ஆராய்ச்சி இருக்குங்குது, இன்னொண்ணு இல்லைங்குது. முடிவா எனக்குத் தெரியாது."

அண்ணன் முகம் சுருங்கியது. "அந்த ஐயாவுக்குத் தெரிஞ்சுதே."

"அவருக்கு எல்லாம் தெரிஞ்சுது பெரியவரே" என்றார் டாக்டர், சீட்டு எழுதிக்கொண்டே. "கால் மட்டும்தான் தெரியலை."

அண்ணி பையிலிருந்து தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து மூடியைத் திறந்து நீட்டினாள். அண்ணன் அங்கேயே மாத்திரையைப் போட்டுக்கொண்டார். பாதித் தண்ணீர் சட்டையில் கொட்டியது. அதைத் துடைக்கக்கூட இல்லை அண்ணி. அவர் விழுங்கி முடிக்கும்வரை தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாதநாடி ஐயா இப்போது வேறொரு நகரத்தில் காதுநாடி ஐயாவாகக் கிளம்பியிருப்பதாகக் கேள்வி. வரிசையும் ஆரம்பித்துவிட்டதாம். அங்கே நிற்கப்போகிறவர்களுக்கு ஒரே வேண்டுகோள். 'எனக்குத் தெரியாது' என்று சொல்லத் தெரிந்த ஒருவரை முதலில் போய்ப் பாருங்கள். இல்லை, எல்லாம் தெரிந்தவரிடம்தான் போவேன் என்றால், காதை மட்டும் கொடுத்துவிட்டு வாருங்கள். இரண்டு காதுக்கும் நடுவில் இருப்பதையும் சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள்.