ஏழாவது மாடியில் கிரேக்கச் சாப்பாடு

"என்ன சாப்பாடு?"

"கிரேக்கச் சாப்பாடு" என்றாள் மனைவி, தோள்பையைக் கழற்றி மேசைமேல் வைத்தபடி. "நம்ம ஊர்ல எங்கேயாவது கிடைக்குமா?"

லிஃப்ட்காரர் சாய்வு நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்று இரண்டு மாதமாகியும் அக்கம்பக்கத்தில் அவருக்கு அதுதான் பெயர். இந்தப் பெரிய நகரத்தின் லிஃப்டுகளை மாட்டியவர், பழுது பார்த்தவர், கெட்ட வார்த்தையில் திட்டியவர். இப்போது அந்த நாற்காலியை விட்டு அவர் எழுவது தண்ணீர் குடிக்கும்போதும், குடித்த தண்ணீர் எழுப்பும்போதும்தான். காலையில் போட்ட பனியன் மாலையிலும் உடம்பில் இருந்தது. முகத்தில் ஒரு வாரத் தாடி.

"திடீர்னு எதுக்குக் கிரேக்கம்?"

"கடைக்கு வந்தவங்க யாரோ பேசிக்கிட்டாங்க." மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். ஊரில் பாதிப் பேரின் மூக்கு அவளுக்கு அத்துப்படி. "ஒரு தடவையாவது சாப்பிட்டுப் பார்க்கணும்னு ஆசையா இருக்குங்க."

ஆசை என்ற சொல் லிஃப்ட்காரரை உலுக்கிவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து அவள் அந்தச் சொல்லைப் பயன்படுத்தியதே இல்லை. துணிக்கடையில் நிறுத்திக் கேட்டாலும் "உங்களுக்கு எது பிடிச்சிருக்கோ அதை எடுங்க" என்பாள். ஐஸ்கிரீம் கடையில்கூட அப்படித்தான். ஒருவழியாக ஒன்று கேட்டிருக்கிறாள். அதையும் வாங்கிக் கொடுக்காவிட்டால் தான் எதற்குப் புருஷன் என்று அவருக்குத் தோன்றியது. வேலையும் போய்விட்ட நிலையில், புருஷன் வேலை ஒன்றுதான் கையில் மிச்சம் இருந்தது.

"கிடைக்குமாவா? யார்கிட்ட கேக்கிறே?" என்று நிமிர்ந்தார். "ஆத்துப்பாலத்தைத் தாண்டினா ஒரு கண்ணாடிக் கட்டடம். ஏழாவது மாடி. பின்பக்கத்துச் சாமான் லிஃப்ட் என் கையால மாட்டினது. கதவு திறந்தா போதும், கறி சுடுற வாசனையும் எலுமிச்சை வாசனையும் ஆளையே தூக்கும்."

"உள்ள போய் சாப்பிட்டிருக்கீங்களா?"

"லிஃப்ட் பார்க்கப் போனவனுக்கு எதுக்கு சாப்பாடு? வாசனையோட சரி."

"எங்க கடைப் பக்கம்கூட ஏதோ..."

"நீ சும்மா இரு. வீட்டை விட்டா கடை, கடையை விட்டா வீடு. உனக்கு ஊரைப் பத்தி என்ன தெரியும்?"

"அதுவும் சரிதான்" என்று மனைவி ஒப்புக்கொண்டாள். அவள் இவ்வளவு சுலபத்தில் எதையும் ஒப்புக்கொள்கிறவள் அல்ல. ஆனால் லிஃப்ட்காரர் அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை. அவர் சவரக் கத்தியைத் தேடிக்கொண்டிருந்தார்.

கண்ணாடிக் கட்டடத்தின் முன்வாசலை அவர் பார்த்ததே கிடையாது. வேலைக்கு வந்த காலம் முழுக்கப் பின்வாசல்தான். அதனால் நல்ல செருப்பும் நல்ல துணியும் போட்டு வந்த மனைவியை, குப்பைத் தொட்டிகளுக்கு நடுவே, பெட்டி இறக்கும் மேடை வழியாகக் கூட்டிப் போனார். சாமான் லிஃப்ட் அவரைக் கண்டதும் பழைய மாதிரியே கடகடவென்று வந்து நின்றது.

"பார்த்தியா? என் பிள்ளை" என்றார்.

"உங்களை மாதிரியே சத்தம்" என்றாள் அவள்.

ஏழாவது மாடியில் கதவு திறந்தது. கறி வாசனை இல்லை. மருந்து வாசனை அடித்தது. வெள்ளை மேசைக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் நிமிர்ந்து பார்த்து, "யாருக்குப் பல்லு?" என்று கேட்டாள்.

"நாங்க சாப்பிட வந்தோம்."

"சாப்பிட்டுப் பல்லைக் கெடுத்துக்கிட்டுத்தான் சார் இங்க வருவாங்க."

காத்திருந்த நோயாளிகள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டே சிரித்தார்கள். மனைவியின் முன்னால் வழி தெரியாதவராக நிற்க லிஃப்ட்காரருக்கு மனசு வரவில்லை. "பல்லைக் காட்டிட்டு அப்படியே சாப்பிடப் போகலாம்னு வந்தோம். அதைத்தான் சொன்னேன்" என்று சமாளித்தார். சமாளித்ததன் பலனாக நாற்காலியில் சாய்க்கப்பட்டார். பல் டாக்டர் எட்டிப் பார்த்து "அட!" என்றார். அது மகிழ்ச்சியான "அட". எதையோ சுரண்டினார், எதையோ அடைத்தார், கடைவாயில் ஒரு பஞ்சு உருண்டையை வைத்தார். "ஒரு மணி நேரத்துக்கு எதையும் மெல்லக் கூடாது."

வெளியே வந்தபோது லிஃப்ட்காரரின் ஒரு கன்னம் எலுமிச்சம்பழம் அடக்கியதுபோல் இருந்தது.

"இங்க இருந்த ஓட்டல் எங்க போச்சுன்னு அந்தப் பொண்ணுகிட்ட கேட்டேன்" என்றாள் மனைவி. "தெரியாதாம். வாங்க, எங்க கடைப் பக்கம் ஒரு..."

"எனக்குத் தெரியும்" என்றார் அவர், பஞ்சுக்குப் பின்னாலிருந்து. "கிரேக்கம்னா வெள்ளைத் தூண் இருக்கும். மணிக்கூண்டுக்குப் பக்கத்துல அப்படி ஒரு கட்டடம் இருக்கு. லிஃப்டுக்குக் குழி வெட்டினப்பவே வாசல்ல தூணை நட்டுட்டாங்க. வேற எதுக்குத் தூண் வைப்பான்?"

இரண்டு பஸ் மாறிப் போனார்கள். தூண் இருந்தது. நீலக் கதவும் இருந்தது. கழுத்தில் டை கட்டிய விற்பனையாளர் ஒருவர் கதவைத் திறந்து கைகூப்பாத குறையாக வரவேற்றார்.

"கிரேக்கம் இருக்கா?" என்று கேட்டார் லிஃப்ட்காரர்.

"அது இல்லாமலா சார்? அதுக்குத்தானே எல்லாரும் வர்றாங்க. மேல வாங்க. எத்தனை பேருக்கு?"

"ரெண்டு பேருக்கு."

"அப்ப சரியான இடம் ஒண்ணு இருக்கு. சாய்ஞ்சு உட்காரலாம், காலை நீட்டலாம்."

லிஃப்ட்காரர் மனைவியைப் பெருமையாகப் பார்த்தார். மாடியில் விளக்குகள் பளிச்சென்று எரிந்தன. விற்பனையாளர் அவர்களைக் கொண்டுபோய் நிறுத்தியது ஒரு பெரிய குளியல் தொட்டியின் முன்னால். சுற்றிலும் வெள்ளையும் நீலமுமாகக் குளியலறை டைல்ஸ்.

"கிரேக்க மாடல். தம்பதிகளுக்குன்னே செஞ்சது. உட்கார்ந்து பாருங்க மேடம்."

மேடம் உட்கார்ந்தே விட்டாள். நடந்த களைப்பில் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தவள், கணவரின் உப்பிய கன்னத்தையும் அந்தப் பளபளக்கும் குழாய்களையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள். லிஃப்ட்காரர் முதலில் முறைத்தார். அப்புறம் அவருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பஞ்சு தெறித்துப்போய்த் தொட்டிக்குள் விழுந்தது.

"அது பரவாயில்ல சார், கழுவினா போயிடும். அதான் இந்த மாடலோட விசேஷம்" என்றார் விற்பனையாளர், தொழில் மறக்காமல்.

தெருவுக்கு வந்ததும் லிஃப்ட்காரரின் சிரிப்பு அடங்கிவிட்டது. நன்றாக இருட்டிவிட்டிருந்தது. அவள் காலையில் கடையில் எதையோ கொறித்ததோடு சரி. செருப்பு வேறு அவள் குதிகாலைக் கடித்திருந்தது. அவள் நொண்டுவதைப் பார்த்தபோது அவருக்கு அழுகையே வந்துவிடும்போல் இருந்தது. ஒரே ஒரு ஆசை, அதுவும் முதல் ஆசை, இப்படிக் குப்பைத் தொட்டிக்கும் குளியல் தொட்டிக்கும் நடுவில் அல்லாடுகிறதே!

"இங்கேயிருந்து எங்க கடை கிட்டத்தான். அங்க என் பழைய செருப்பு கிடக்கு, மாத்திக்கிறேன்" என்றாள் மனைவி. இந்தத் தடவை அவர் மறுக்கவில்லை.

கடை பூட்டியிருந்தது. அவள் தன்னிடமிருந்த சாவியால் திறந்து, செருப்பை மாற்றிக்கொண்டு வந்தாள். பிறகு பக்கத்துக் கட்டடத்தைக் காட்டி, "இந்த லிஃப்ட் ரெண்டு வாரமா ஒரு மாதிரி முனகுதுங்க. எங்க கடைச் சுவர் வரைக்கும் கேக்குது. பாவமா இருக்கு" என்றாள்.

"முனகுதா?" லிஃப்ட்காரரின் காது விடைத்தது. "எப்படி முனகுது?"

மனைவி முனகிக் காட்டினாள். நன்றாகவே முனகினாள்.

"ஏறும்போதா, இறங்கும்போதா?"

"ஏறும்போது. அதுவும் நாலாவது மாடி கிட்ட."

"அப்ப லிஃப்ட் ஏறி இறங்குற தண்டவாளம் காய்ஞ்சு கிடக்கு. எண்ணெய் விடாம என்ன பண்றானுங்க?"

அடுத்த நிமிடம் இருவரும் லிஃப்டுக்குள் இருந்தார்கள். நாலாவது மாடிக்கான பொத்தானை அழுத்தி, அவர் கதவில் காதை வைத்தார். முனகல் கேட்டது. போதவில்லை. இன்னும் தெளிவாகக் கேட்பதற்காகக் கதவை விரல் நுழையும் அளவுக்குப் பிளந்தார்.

லிஃப்ட் நின்றது.

ஓடுகிற லிஃப்டின் கதவில் கை வைத்தால் அது நின்றுவிடும். இதைச் சொல்லி ஊர் முழுக்க ஆட்களைத் திட்டியவர் அவர். எந்தப் பொத்தானை அழுத்தியும் பயனில்லை. வேறு வழியில்லாமல் அவசர மணியை அழுத்தினார். சுவரிலிருந்த ஒலிபெருக்கியின் சல்லடை வழியே, அவர் வேலை பார்த்த அதே கம்பெனியின் கட்டுப்பாட்டு அறைக் குரல் வந்தது.

"பயப்படாதீங்க. ஆள் அனுப்புறோம். கதவுல கை வச்சீங்களா?"

"இல்லப்பா. தானா நின்னுடுச்சு" என்றார் லிஃப்ட்காரர். மாட்டிக்கொண்ட ஒவ்வொருவரும் அவரிடம் சொன்ன அதே பொய்.

"எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க... அண்ணே? அண்ணே, நீங்களா?" குரல் பின்னால் திரும்பிக் கத்தியது. "டேய், அண்ணன் லிஃப்ட்ல மாட்டிக்கிட்டாருடா!" அதன் பிறகு வந்த சிரிப்பில் ஒரு அலுவலகமே இருந்தது.

லிஃப்ட்காரர் தரையில் உட்கார்ந்துவிட்டார். மனைவியும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உன்னோட ஒரு ஆசையைக்கூட என்னால நிறைவேத்த முடியல" என்றார். "எல்லாக் கட்டடமும் எனக்குத் தெரியும்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். நான் போனதும் அதது அது பாட்டுக்கு மாறிடுச்சு. யாருக்கும் நான் தேவைப்படல."

மனைவி அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "நல்லா மாறுச்சு. நீங்க போய் ரெண்டு மாசத்துல இங்க ஒண்ணு எண்ணெய் இல்லாம முனகிக்கிட்டு நிக்குது."

"அது ஒண்ணுதானே."

"வீட்டுல இன்னொண்ணு முனகிக்கிட்டு இருந்துச்சு" என்றாள் அவள். "நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே மாட்டேன்னுச்சு. சாப்பாட்டை வச்சா பாதியில தள்ளி வச்சுச்சு. எனக்கு எவ்வளவு பயமா இருந்துச்சு தெரியுமா?"

அவள் பயந்திருப்பாள் என்று அவர் நினைத்துப் பார்த்ததே இல்லை. வெட்கமாக இருந்தது. கூடவே, இத்தனை வருஷம் கழித்தும் தன்மேல் ஒருத்திக்கு இவ்வளவு அக்கறையா என்றும் தோன்றியது. அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

சல்லடை மறுபடி பேசியது. "அண்ணே, மேல ஆள் வந்தாச்சு. அந்த முனகல் ஏன்னு எங்க யாருக்கும் புரியல. மூணு தடவை வந்து பார்த்துட்டோம்."

"தண்டவாளம்டா. நாலாவது மாடிக்கிட்ட காய்ஞ்சு கிடக்கு. துடைச்சிட்டு எண்ணெய் விடச் சொல்லு."

"அண்ணே, வாரத்துல ஒரு நாளாவது ஆபீஸ் பக்கம் வாங்களேன்."

"பார்க்கலாம்" என்றார் லிஃப்ட்காரர். எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

லிஃப்ட் ஒரு குலுக்கலோடு கிளம்பி, நாலாவது மாடியில் நின்றது. கதவு திறந்தது.

கறி சுடுகிற வாசனை. எலுமிச்சை வாசனை. லிஃப்ட்காரர் கண்ணை மூடி மூச்சை இழுத்தார். ஏழாவது மாடியில் பல வருஷம் அவரைப் படுத்திய அதே வாசனை. எதிரே கண்ணாடிக் கதவு. உள்ளே நீலத்துணி விரித்த மேசைகள், கிண்ணங்களில் ஆலிவ் காய்கள், தட்டுகளில் வெள்ளைப் பாலாடைக்கட்டி.

"இங்கதான் வந்திருக்கானுங்க!" என்று கூவினார். "சொன்னேன்ல? இந்த ஊர்ல எனக்குத் தெரியாம ஒரு ஓட்டல் ஒளிஞ்சுக்க முடியுமா? பார்த்தியா, கண்டுபிடிச்சிட்டேனா இல்லையா?"

"கண்டுபிடிச்சிட்டீங்க" என்றாள் மனைவி. அவள் கண் கலங்கியிருந்தது. முதல் ஆசை நிறைவேறிய சந்தோஷம் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

கதவை அவரே தள்ளித் திறந்து, அவளைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனார். பசி அவருக்கு வயிற்றைக் கிள்ளியது. அப்படி ஒரு பசி வந்து எத்தனையோ நாளாகிவிட்டது. தட்டுகளை ஏந்தி வந்த பணியாளரைக் கையைக் காட்டி நிறுத்தினார்.

"ரெண்டு பேருக்குத் தம்பி. நல்லதா பார்த்து நீங்களே கொண்டு வாங்க. இவ கிரேக்கச் சாப்பாட்டைக் கண்ணால பார்த்ததே இல்ல. நான்தான் தேடிக் கண்டுபிடிச்சுக் கூட்டிட்டு வந்தேன்."

பணியாளர் அவரைப் பார்த்தார். அவருக்குப் பின்னால் உதட்டின்மேல் விரல் வைத்து நின்ற மனைவியைப் பார்த்தார். அதற்கு அர்த்தம் என்னவென்று யோசித்துவிட்டு, மிகுந்த மரியாதையுடன் கேட்டார்:

"மேடம், சாரே இடத்தைக் கண்டுபிடிச்ச மாதிரி எங்களை நடிக்கச் சொன்னீங்களே, இப்பவே ஆரம்பிச்சிடவா, இல்ல நீங்க உங்க வழக்கமான மேசையில உட்கார்ந்ததுக்கு அப்புறமா?"