சிவப்புப் பென்சில் கோடு

அன்பையும் கண்டிப்பையும் ஒரே அளவில் வைத்திருக்கும் என் மூத்த அண்ணன் போதகர் அவர்களுக்கு, தங்கை பணிவோடு எழுதுவது.

இங்கே நானும் என் மகனும் இருக்கிறோம். நலம் என்று எழுதுவதுதான் முறை, அதனால் நலம். அங்கே நீங்களும் அண்ணியும் சுகமாக இருப்பீர்கள், குழாயில் தண்ணீரும் தடையில்லாமல் வந்துகொண்டிருக்கும் என்று நம்புகிறேன். இதையெல்லாம் போனிலேயே பேசியிருக்கலாம். ஆனால் நான் "அண்ணா" என்று வாயைத் திறந்ததும் நீங்கள் ஜெபம் பண்ண ஆரம்பித்துவிடுகிறீர்கள், ஆமென் சொன்ன கையோடு வைத்துவிடுகிறீர்கள், நடுவில் நுழைய எனக்குச் சந்து கிடைக்கவில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

உங்கள் கடிதம் வந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை நினைவு ஆராதனையில், இந்த வருஷம் இறந்துபோன சபையாரின் பெயர்களைப் படித்து மெழுகுவர்த்தி ஏற்றும்போது, என் வீட்டுக்காரர் பெயரைப் படிக்கப்போவதில்லை என்று கமிட்டி முடிவு செய்திருப்பதைத் தெரிந்துகொண்டேன். அவர் ஓய்வுநாளில் வேலை செய்யும்போது இறந்தார், ஓய்வுநாளில் விறகு பொறுக்கிய ஒருத்தனையே கல்லால் அடித்துக் கொல்லச் சொல்லியிருக்கிறது, கடவுள் அன்பானவர், ஆனாலும் நீதியுள்ளவர் என்று எழுதியிருந்தீர்கள். கடிதத்தை நான் நாலு தடவை படித்தேன். அன்பு என்று வரும் இடத்திலெல்லாம் பக்கத்திலேயே ஒரு "ஆனாலும்" உட்கார்ந்திருக்கிறது. ஒரு இடத்திலாவது அந்த அன்பைத் தனியாக விட்டிருக்கலாம்.

உங்களைக் குறை சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். நடந்தது நமக்குத் தெரிந்ததுதான். அன்று காலை ஏழு மணிக்கு நீங்கள் போன் செய்தீர்கள். அவர் ஆராதனைக்குப் போகச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார், எடுக்கவில்லை. மறுபடியும் செய்தீர்கள். மூன்றாவது தடவை எடுத்தார். உங்கள் புது வீட்டில் சொட்டுத் தண்ணீர் வரவில்லை, மாடித் தொட்டியில் ஏதோ அடைப்பு, குளிக்காமல் எப்படிப் பிரசங்கம் பண்ணுவது என்று கேட்டீர்கள். "இன்னிக்கு ஓய்வுநாளாச்சே" என்று அவர் இழுத்தார். நீங்கள் என்ன சொன்னீர்களோ தெரியாது, சிரித்துக்கொண்டே ரெஞ்சை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். மாடி ஈரமாக இருந்திருக்கிறது. கால் வழுக்கியபோது பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. ஆனால் அடைப்பை எடுத்துவிட்டுத்தான் விழுந்திருக்கிறார். அவரைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது உங்கள் வீட்டுக் குழாய்களில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்ததாம், அண்ணி சொன்னார்.

அண்ணனும்தானே ஞாயிற்றுக்கிழமை வேலை செய்கிறார் என்று அண்ணியிடம் கேட்டேன். "அது வேலை இல்ல, ஊழியம்" என்றார். சரி, அது பெரியவர்கள் சமாச்சாரம்.

கடிதத்தோடு உங்கள் பழைய வேதப்புத்தகத்தையும் அனுப்பியிருந்தீர்கள். "சிவப்புப் பென்சிலால் கோடு போட்டதை மட்டும் படி, உனக்கு அது போதும்" என்று முதல் பக்கத்தில் எழுதியிருந்தீர்கள். நான் விரல் வைத்து எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள், அதனால் எனக்கும் அது சௌகரியமாகத்தான் பட்டது. ஒரு சட்டத்தை மீறியதற்கே அவருக்கு இந்தத் தண்டனை என்றால், மிச்சம் இருக்கிற நாங்கள் இரண்டு பேரும் எத்தனையை மீறிக்கொண்டிருக்கிறோமோ என்று பயம் வந்துவிட்டது. சிவப்பு அத்தனையையும் சுத்தமாகச் செய்துமுடித்து, அதன் பிறகு அவர் பெயருக்காக உங்களிடம் கேட்டால் மறுக்க மாட்டீர்கள் என்று கணக்குப் போட்டு இறங்கினேன். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

முதலில் என் தொழிலிலேயே இடித்தது. ஆட்டு மயிரும் நூலும் கலந்த துணியை உடுத்தக் கூடாது என்று சிவப்பில் இருந்தது. நான் வேலை செய்கிற தையல் கடையில் காவல்காரர்களுக்கு நாற்பது குளிர்கோட்டு ஆர்டர், வெளியே ஒரு துணி, உள்ளே ஒரு துணி. நான் மெஷினை நிறுத்திவிட்டு முதலாளியம்மாவிடம் போய், இது பாவம், நாற்பது பேர் தலையில் பாவத்தைப் போர்த்தி அனுப்ப என்னால் முடியாது என்றேன். அவர் கண்ணாடியை மேலே தூக்கிவிட்டு என்னையே பார்த்தார். "ஏம்மா, இதுல ஆடும் இல்ல, பருத்தியும் இல்ல. ரெண்டுமே பாலியஸ்டர். உங்க கடவுள் பாலியஸ்டரப் பத்தி எதாவது சொல்லியிருக்காரா?" நான் பொறுமையாக எல்லாச் சிவப்பையும் புரட்டிப் பார்த்தேன், பாலியஸ்டர் எங்கேயும் இல்லை, மறுபடி மெஷினை மிதிக்க ஆரம்பித்தேன். அப்போதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உங்கள் ஆராதனை அங்கி இருக்கிறதே அண்ணா, வெளியே அசல் கம்பளி, உள்ளே அசல் பருத்தி. அளவெடுத்துத் தைத்தவள் நான்தான். இத்தனை வருஷமாக அதைப் போட்டுக்கொண்டுதான் பிரசங்கம் பண்ணியிருக்கிறீர்கள். உள்துணியைப் பிரித்துவிடவா என்று சொல்லி அனுப்புங்கள். பிரித்தால் கழுத்தெல்லாம் அரிக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்தது உங்கள் மருமகன், அதாவது என் பிள்ளை. இருபத்திரண்டு வயசு, வண்டி பழுது பார்க்கும் கடையில் வேலை, சொன்ன பேச்சு கேட்பதில்லை. அடங்காத மகனை, பெருந்தீனிக்காரனை, ஊர் வாசலில் பெரியவர்களிடம் கொண்டுபோய் நிறுத்த வேண்டும், அவர்கள் கல்லெறிவார்கள் என்று இரட்டைக் கோடு போட்டிருந்தீர்கள். கொல்வதற்கு இல்லை அண்ணா, கொஞ்சம் பயந்தால் குளித்துவிட்டாவது சாப்பிடுவானே என்றுதான் இழுத்துக்கொண்டு போனேன். எங்கள் அடுக்குமாடிக்கு வாசல் என்றால் இரும்புக் கேட்டுதான், பெரியவர்கள் என்றால் வாட்ச்மேனும் குடியிருப்போர் சங்கச் செயலாளரும்தான். விஷயத்தைச் சொன்னேன். "கல்லுக்கு எங்கம்மா போறது? எல்லாம் பதிச்ச கல்லு. ஒண்ணப் பேத்தாலும் சார் என்னை வேலைய விட்டுத் தூக்கிடுவாரு" என்றார் வாட்ச்மேன். செயலாளர் தாடையைத் தடவிக்கொண்டே, "எழுத்துல குடுங்க, அடுத்த கூட்டத்துல வைக்கிறேன். ஆனா வண்டி நிறுத்துற இடத்துல மட்டும் கூடாது, மூணாம் மாடிக்காரர் கண்ணாடி ஒடஞ்சா யாரு பதில் சொல்றது?" என்றார். இவன் பக்கத்தில் நின்று பிஸ்கட் தின்றுகொண்டு, "மாமாவையே மொதக் கல்லு போடச் சொல்லும்மா, அவருக்குத்தான் குறி தப்பாது" என்கிறான்.

நான் அவனைத் திட்டிக்கொண்டே புத்தகத்தைத் திறந்து சரிபார்த்தேன். அப்பாவும் அம்மாவும் சேர்ந்து மகனைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும் என்று இருந்தது. நான் ஒருத்திதான் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறேன். அந்த வரிக்கு மேல் விரல் நகரவில்லை. அவனும் பிஸ்கட்டை மடித்துப் பையில் போட்டுக்கொண்டான். "வாம்மா, வீட்டுக்குப் போலாம்" என்றான்.

அதோடு விட்டிருக்கலாம். அடுத்த சிவப்பு, அண்ணன் செத்தால் தம்பி அவன் மனைவியைக் கட்டிக்கொள்ள வேண்டும், மாட்டேன் என்றால் அவள் அவன் செருப்பைக் கழற்றிவிட்டு முகத்தில் துப்ப வேண்டும் என்பது. என் கொழுந்தன் உங்களுக்குத் தெரியும், பஸ் கண்டக்டர், பரம சாது. காலையில் டியூட்டிக்குக் கிளம்புகிற நேரத்தில் போய் நின்றேன். "தம்பி, நீங்க என்னைக் கட்டிக்கணும்னு எழுதியிருக்கு. எனக்கும் இஷ்டமில்ல. முடியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா, செருப்பக் கழட்டிக்கிட்டு, மூஞ்சில லேசாத் துப்பிட்டுப் போயிடறேன். அஞ்சு நிமிஷ வேலை" என்றேன். அவர் டிக்கெட் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவரில் ஒட்டிக்கொண்டார். "அண்ணி, நான் எப்பவும் உங்களுக்கு மரியாதை குடுத்துத்தானே..." என்று குரல் நடுங்குகிறது. அவர் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு நிதானமாக வந்தாள். "அக்கா, செருப்ப எடுத்துக்கங்க. துப்புறத நான் பாத்துக்கறேன்" என்றாள். அன்றைக்கு அவர் ஒரு காலில் டியூட்டிச் செருப்பும் ஒரு காலில் குளியலறைச் செருப்புமாக டிக்கெட் கொடுத்தார் என்று கேள்வி. அந்த ஒற்றைச் செருப்பு இப்போது என் தையல் மெஷினுக்கு அடியில் இருக்கிறது. அதை என்ன செய்வது என்று சிவப்பில் ஒன்றும் போடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் என் மகன் புத்தகத்தைப் பிடுங்கி அந்த இடத்தைப் பார்த்தான். "அம்மா, பிள்ளை இல்லாம செத்தாத்தான் இந்தச் சட்டம். மேல் வரியிலேயே போட்டிருக்கு. நான் ஒருத்தன் குத்துக்கல்லாட்டம் இருக்கேன், கண்ணுக்குத் தெரியலியா?" என்றான். கோடு அந்த வரிக்குக் கீழேதான் ஆரம்பிக்கிறது, நான் என்ன செய்ய? "சிவப்பு மட்டும் போதும்னு மாமா எழுதியிருக்காருடா" என்றேன். அவன் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

எனக்கு அலுத்துவிட்டது அண்ணா. ஊரில் உள்ள குழாயையெல்லாம் சரிசெய்த மனுஷன், எங்கள் சமையலறைக் குழாயை நாலு வருஷமாகச் சொட்டவிட்டுவிட்டுப் போய்விட்டார். அப்போதெல்லாம் அதற்காகக் கத்துவேன். இப்போது மகன் அதில் கை வைக்கப் போனால் கையைத் தட்டிவிடுகிறேன். சொட்டிக்கொண்டு இருக்கட்டும், வீட்டில் ஒரு சத்தமாவது இருக்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே யோசித்ததில், உங்களோடு வழக்காட எனக்குப் படிப்பும் இல்லை, தெம்பும் இல்லை என்று தெரிந்துகொண்டேன். நீங்கள் படித்தவர். கடவுள் நியாயம் கடவுளுக்கு. கமிட்டி சொன்னபடியே ஆகட்டும். அவர் பெயரைப் படிக்க வேண்டாம். நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து மற்றவர்கள் பெயரைக் கேட்டுவிட்டு வருகிறேன்.

அண்ணியின் முட்டிவலிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்லவும். கமிட்டியார் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லவும். கடவுள் உங்களை அன்போடும், ஆனாலும் இல்லாமலும் காத்துக்கொள்ள வேண்டிக்கொள்ளும்,

உங்கள் சொல் தட்டாத தங்கை.

பின்குறிப்பு: கவரை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தேன். மகன் உங்கள் புத்தகத்தைத் திறந்து என் முன்னால் வைத்து, "சிவப்பு இல்லாததையும் ஒரு தடவை படிம்மா" என்றான். ஆடும் நூலும் கலக்கக் கூடாது என்று நீங்கள் கோடு போட்ட அதே பக்கம். அதற்கு மூன்றே வசனம் மேலே, உங்கள் பென்சில் எட்டிப் பார்க்காத ஒரு இடம். புது வீடு கட்டுகிறவன் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் கட்ட வேண்டுமாம். கட்டாமல் விட்டு, அங்கிருந்து யாராவது விழுந்தால், அந்த ரத்தப்பழி அந்த வீட்டின் மேலாம். விரல் வைத்து மூன்று தடவை படித்தேன். அதற்கும் மேலே, கூட்டில் குஞ்சோடு இருக்கிற தாய்ப்பறவையைப் பிடிக்காதே, பறக்கவிடு என்று இருக்கிறது. அதற்கும் கோடு இல்லை. பறவைக்காகவும், மாடியில் ஏறுகிற யாரோ ஒருத்தனுக்காகவும் இவ்வளவு கவலைப்பட்டு எழுதிவைத்தவர் என் வீட்டுக்காரர் பெயரைப் பட்டியலில் இருந்து அடித்திருக்க மாட்டார் அண்ணா. அடித்தது வேறு பென்சில்.

சுவர் வைத்தால் முகப்பு அழகு போய்விடும் என்று வீடு கட்டும்போது நீங்கள் கொத்தனாரிடம் சொன்னபோது நானும் பக்கத்தில்தான் நின்றேன். அதே கொத்தனார் திங்கட்கிழமை காலை செங்கல்லோடு உங்கள் வீட்டுக்கு வருவார், பேசிவிட்டேன். என் இடுப்புக்கு மேல் ஒரு சாண் உயரம் வர வேண்டும். அளவு டேப்போடு நானே வந்து பார்ப்பேன்.

அதனால் மேலே எழுதியதை விட்டுவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை அவர் பெயரைப் படியுங்கள். படிக்காவிட்டால் நான் எழுந்து நின்று அந்த வசனத்தைச் சபைக்கு வாசித்துக் காட்டுவேன். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன், நேரமாகும், யாரும் அவசரப்படுத்தக் கூடாது. புத்தகத்தைத் திருப்பித் தருவதாக இல்லை, கோடு போடாதது நிறைய மிச்சம் இருக்கிறது.

பட்டியலில் அடித்த பெயர் சரியாகத் தெரியாவிட்டால் உங்கள் போனில் தேடிப் பாருங்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு, மூன்று தடவை இருக்கும்.