கரும்பு வயலில் ஓர் அவசர வெளியேற்றம்

தூக்கம் போதாத ஆளிடம் பன்னிரண்டு பேர் உயிரைக் காப்பாற்றும் பொறுப்பைக் கொடுக்கவே கூடாது. அனுபவப்பட்டுச் சொல்கிறேன். (யாரும் கொடுக்கவில்லை. நானாக எடுத்துக்கொண்டேன். அது இன்னும் மோசம்.)

இரண்டாயிரத்து ஆறோ ஏழோ இருக்கும். சென்னையில் விமானப் பணிப்பெண் பயிற்சிக்குச் சேர்ந்திருந்தேன். விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் தொழிற்கூடத்தில் சூளை பார்க்கும் அப்பா, "எம் பொண்ணு ஏரோப்ளேன்ல வேலைக்குப் போவப் போறா" என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். நானோ நிஜ விமானத்தைத் தலைக்கு மேலே பறக்கும்போது பார்த்ததோடு சரி. எங்களுக்கு வாய்த்தது தகரத்தில் செய்த ஒரு பொய் விமானமும், ஆபத்தில் வழுக்கி இறங்க அதன் கதவில் கட்டிய ரப்பர் சறுக்கும்தான்.

சிரிப்பதற்கும் கொண்டை போடுவதற்கும் ஒரு வாரம். மற்ற நாளெல்லாம் சாகாமல் இருப்பது எப்படி என்பதுதான் பாடம். புகை வந்தால் குனி. மிதவைச் சட்டையை வெளியே போன பிறகு ஊது. தொண்ணூறு வினாடிக்குள் எல்லாரையும் வெளியே தள்ளு. பயிற்சி கொடுத்த மேடம் ஓயாமல் சொல்வார்: "யோசிக்காதே. வாய் தானா கத்தணும்." கத்திக் கத்தி என் தொண்டை தேய்ந்து போயிருந்தது. கனவிலும் யாரையாவது இறக்கிவிட்டுக்கொண்டே இருந்தேன்.

இறுதித் தேர்வுக்கு இரண்டு நாள் முன்பு, ஞாயிற்றுக்கிழமை, பெண்ணாடத்தில் மாப்பிள்ளை வீட்டில் என் அக்காவுக்கு நிச்சயதார்த்தம். ராத்திரி ரயிலில் உட்கார இடமில்லை. கதவோரம் நின்றுகொண்டே விருத்தாசலம் ஜங்ஷன் வந்து, வீட்டுக்குப் போய் முகம் கழுவி, புடவை சுற்றிக்கொண்டு வேனில் ஏறினேன். நான், அம்மா, அப்பா, அக்கா, சொந்தக்காரர்கள் என்று பன்னிரண்டு பேர், டிரைவர் தனி. எல்லார் மடியிலும் சீர்த்தட்டு. அப்பா மடியில் மட்டும் ஓர் அட்டைப்பெட்டி. மாப்பிள்ளை பெயரும் அக்கா பெயரும் எழுதி, அவரே சூளையில் வேகவைத்து எடுத்த டீ கப்புகள். கைக்குழந்தையைப் பிடிப்பதுபோல் பிடித்திருந்தார்.

வேன் நகர்ந்ததும் நான் தூங்கிவிட்டேன்.

பாதி வழியில் கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்றின் பின்னால் வேன் ஊர்ந்து போயிருக்கிறது. ரேடியேட்டர் கொதித்து முன்பக்கமிருந்து ஆவி கிளம்பியிருக்கிறது. டிரைவர் ஓரமாக நிறுத்தியிருக்கிறார். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்த கதை. அப்போது எனக்குத் தெரிந்தது இரண்டுதான்: வண்டி குலுங்கி நின்றது. கண்ணைத் திறந்தால் வெள்ளையாகப் புகை.

வாய் தானாகக் கத்தியது.

"லீவ் எவ்ரிதிங்! கம் திஸ் வே!"

ஒருவரும் அசையவில்லை. அம்மா மட்டும், "என்னாடி ஆச்சி, கெனாக் கண்டியா?" என்றாள்.

தமிழுக்கு மாறினேன். "நெருப்பு! எல்லாத்தையும் போட்டுட்டு எறங்குங்க! செருப்பக் கழட்டுங்க!"

(சறுக்கு கிழியாமலிருக்கச் செருப்பைக் கழற்ற வேண்டும். வேனில் சறுக்கு கிடையாது என்பது எனக்கு உறைக்கவில்லை.)

அதன் பிறகு நடந்ததை என் மேடம் பார்த்திருந்தால் அழுதிருப்பார், ஆனந்தத்தில். இடப்பக்கக் கதவை உதைத்துத் திறந்தேன். ஒவ்வொருவர் முதுகிலும் கை வைத்து, "குதி! குதி!" என்று தள்ளினேன். கீழே அன்றுதான் தண்ணீர் பாய்ச்சிய கரும்பு வயல். அம்மா பட்டுப்புடவையோடு முழங்கால்வரை சேற்றில் இறங்கினாள். மல்லிகைப்பூ வைத்த தலையோடு அக்கா உட்கார்ந்த நிலையில் விழுந்தாள். கடைசியாக அப்பா, பெட்டியைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"சாமான விடுங்க!"

"கப்பும்மா... ஒடைஞ்சிடும்மா..."

பிடுங்கி ஜன்னல் வழியே எறிந்தேன். பிறகு அவரையும் தள்ளிவிட்டு நானும் குதித்தேன்.

முன்பக்கமிருந்து டிரைவர் ஒரு கேனைத் தூக்கிக்கொண்டு வந்தார். சேற்றில் நின்ற பன்னிரண்டு பேரையும் நிதானமாகப் பார்த்தார்.

"ரேடியேட்டருக்குத் தண்ணி ஊத்தணும். அதுக்கு எதுக்குங்க எல்லாரும் எறங்குனீங்க?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வண்டிக்குள் பன்னிரண்டு ஜோடிச் செருப்பு மட்டும் சுத்தமாக இருந்தது. அப்பா சேற்றில் குனிந்து பீங்கான் துண்டுகளைப் பொறுக்கினார். அவர் ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். இன்றுவரை அதுதான் என் குறை.

மாப்பிள்ளை வீட்டு வாசலில் எங்களைப் பார்த்ததும் நாதஸ்வரம் பாதியில் நின்றது. அம்மா, "வர்ற வழியில சின்ன விபத்துங்க" என்று ஆரம்பித்தாள். நிச்சயம் நின்றுவிடுமோ என்று அக்கா முகம் வெளுத்திருந்தது. எனக்குப் பொய்யை யோசிக்கும் தெம்புகூட இல்லை. "விபத்தெல்லாம் இல்லைங்க மாமா. நாந்தான் எல்லாரையும் தள்ளிவுட்டேன்" என்று மாப்பிள்ளையின் அப்பாவிடம் முழுவதையும் சொன்னேன். அவர் சர்க்கரை ஆலையில் பாய்லர் பார்ப்பவர். கடைசிவரை கேட்டார்.

"பன்னெண்டு பேரா? எவ்ளோ நேரத்துல?"

"ஒரு நிமிஷம் இருக்கும் மாமா."

"எங்க மில்லுல அபாயச் சங்கு ஊதுனா, இருக்குற டீயக் குடிச்சிட்டுத்தான் வெளிய வரானுங்க" என்றார் வருத்தமாக. பிறகு உள்ளே திரும்பி, "கால் கழுவத் தண்ணி கொண்டாங்க. பொண்ணு வூட்டுக்காரங்க வந்துட்டாங்க" என்று குரல் கொடுத்தார்.

அக்காவுக்கு நிச்சயம் ஆகிவிட்டது.

செவ்வாய்க்கிழமை தேர்வு. தகர விமானத்துக்குள் புகை விட்டார்கள். நான் எழுந்திருக்கவில்லை. ரேடியேட்டராக இருக்குமோ என்று யோசித்துக்கொண்டிருந்தேன். தொண்ணூறு வினாடி முடிந்து மேடம் வந்து தோளைத் தட்டும்போதும் யோசித்துக்கொண்டுதான் இருந்தேன். அத்துடன் என் விமான வாழ்க்கை முடிந்தது. இப்போது விருத்தாசலத்தில் ஆங்கிலம் பேசக் கற்றுக்கொடுக்கிறேன். அதிலும் நிறையக் கத்த வேண்டியிருக்கிறது.

குடும்பத்தோடு எங்கே கிளம்பினாலும் இன்றும் என்னைக் கதவிலிருந்து தள்ளியே உட்கார வைப்பார்கள். "அவள நடுவுல போடு" என்பார் அக்கா வீட்டுக்காரர். நான் கண் அசந்தால் பக்கத்தில் இருப்பவர் செருப்பை இறுக்கிக்கொள்வார். எல்லாரையும்விட அதிகமாகச் சிரிப்பவள் அம்மாதான்.

ஆனால் போன மாதம் பஸ்ஸில் அவளுக்குப் பின்னால் ஏறியபோது ஒன்றைப் பார்த்தேன். அவசர வழி ஜன்னலிலிருந்து தன் இடம்வரை ஒவ்வொரு சீட்டு முதுகையும் தொட்டு, உதட்டுக்குள் எண்ணிக்கொண்டே போனாள். புகையில் கண் தெரியாவிட்டால் சீட்டை எண்ணித்தான் வழி கண்டுபிடிக்க வேண்டும் என்று பயிற்சிக் காலத்தில் போனில் எப்போதோ சொல்லியிருக்கிறேன்.

"என்னாம்மா எண்ணுற?"

"ஒண்ணுமில்ல" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். டிக்கெட் வாங்கிய பிறகு, என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "நாலாவது சீட்டு."