மார்லிஸுக்கு இரண்டு மணி நேரம் குறைகிறது

லைசென்ஸ் புதுப்பிக்க இருபது மணி நேரப் பயிற்சி வேண்டும். மார்லிஸிடம் பதினெட்டுக்குத்தான் சான்றிதழ் இருந்தது.

"வெள்ளிக்கிழமை கடைசி நாள்" என்றார் பிசியோதெரபிஸ்ட் வெண்டல். மார்லிஸ் அவருக்குக் கீழே அசிஸ்டண்ட். "இந்த மாநிலத்துல ஒரு வருஷம் அசிஸ்டண்டுங்க புதுப்பிக்கணும், மறு வருஷம் தெரபிஸ்டுங்க நாங்க. இது உங்க வருஷம். புதுப்பிக்கலைன்னா திங்கக்கிழமை ஒரு முழங்காலையும் தொடக்கூடாது, சொல்லிட்டேன்."

ஆற்றுக்கு அக்கரை மாநிலத்திலிருந்து அவள் குடிவந்து ஆறு மாதம்தான். பத்தொன்பது வருடமாகப் பிறர் முழங்கால்களை மடக்கி நீட்டியவளுக்கு, இந்த ஊர்ச் சட்டமெல்லாம் வெண்டல் வாயால் வந்ததுதான்.

செவ்வாய் மதியம் கிளினிக் கணினியில் இரண்டு மணி நேர வகுப்பு ஒன்றைத் தொடங்கினாள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் பொத்தானை அழுத்த வேண்டும். விட்டால் முதலிலிருந்து ஓடும். முடியப்போகும் சமயத்தில், புது முழங்கால் வைத்த விவசாயி எல்மர் நடை பழகும் கம்பிகளுக்கு நடுவே தள்ளாடினார்.

"பிடிம்மா, பிடி!"

பிடித்தாள். வகுப்பு முதலுக்குப் போனது.

"என்னால உன் படிப்பு கெட்டுப்போச்சா?"

"நீங்க விழுந்திருந்தா என் பிழைப்பே கெட்டிருக்கும். நடங்க."

புதன்கிழமை ஒருவழியாக முடித்தாள். சான்றிதழின் அடியில் பொடி எழுத்தில் இருந்தது: இந்த மாநிலத்தில் செல்லாது.

வியாழக்கிழமை லீவு போட்டு, பனியில் தொண்ணூறு மைல் ஓட்டிப்போய் நேர்வகுப்பில் உட்கார்ந்தாள். பாடம், முதுகுவலியைத் தடுப்பது. உட்கார இரும்பு நாற்காலி. முடிந்தபோது அவளால் எழ முடியவில்லை.

"எல்லாரும் இங்க பாருங்க" என்றார் ஆசிரியர் உற்சாகமாக. "இப்படித்தான் எழுந்திரிக்கக் கூடாது."

வெள்ளிக்கிழமை லைசென்ஸ் தரும் வாரியத்தின் இணையதளம் படுத்துவிட்டது. மார்லிஸுக்குப் படுக்க நேரமில்லை. இடுப்பில் வெந்நீர்ப் பையைக் கட்டிக்கொண்டு தலைநகருக்கு வண்டியை எடுத்தாள். பாதி வழியில் வெண்டலின் அழைப்பு.

"இன்னும் முடியலையா? எதுலயும் கடைசி நிமிஷம்தான் உங்களுக்கு. என்னைப் பாருங்க, நிம்மதியா இருக்கேன்."

"நிம்மதியாவே இருங்க சார்" என்றாள்.

அலுவலகம் மூட அரைமணி இருக்கையில் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே இருந்த பெண் காகிதங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினாள்.

"உங்க மேற்பார்வையாளர் யாருங்க?"

சொன்னாள். அந்தப் பெண் கணினியில் தேடினாள், மறுபடி தேடினாள். பிறகு காகிதங்களை அடுக்கி மார்லிஸ் பக்கமே தள்ளினாள்.

"உங்களுக்கு அடுத்த வருஷம்தாங்க, இந்த வருஷம் தெரபிஸ்டுகளுக்கு, ஆனா உங்க சார்கிட்டேருந்து இதுவரைக்கும் ஒரு காகிதமும் வரலையே, திங்கக்கிழமை யாரு மேற்பார்வையில நீங்க வேலை பார்ப்பீங்க?"