நகைக்கடைப் பலகையை மூன்று இரவு படித்த விவரம்

அன்பும் கோபமும் சரிபாதியாகக் கலந்து, என் மூத்த மகளுக்கு உன் அப்பா தன் சொந்தக் கையால் எழுதிக்கொள்வது. நான் நலம். நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும். அப்போதுதான் நான் உன்னைத் தாராளமாகத் திட்ட முடியும்.

முதலில் இந்தக் கையெழுத்துக்கு மன்னித்துக்கொள். கோடு போட்ட தாள்தான், ஆனால் எழுத்துகள் கோட்டில் நிற்க மாட்டேன் என்கின்றன. சில மேலே ஏறுகின்றன, சில கீழே தொங்குகின்றன. 'ழ' போடும்போது நாக்கு தானாக வெளியே வந்துவிடுகிறது. மேலே இருக்கும் நாலு வரிக்கே நேற்று சாயங்காலம் முழுவதும் ஆயிற்று. யாரையோ வைத்து எழுதினேன் என்று நினைத்துவிடாதே. வைத்து எழுதியிருந்தால் இதைவிட அழகாக இருந்திருக்கும்.

ஆமாம் அம்மாடி, எனக்குப் படிக்கத் தெரியும். எழுதவும் தெரியும். எட்டு மாதமாகச் சாயங்கால நடை போகிறேன் என்று உன் தம்பியிடம் சொல்லிவிட்டு, நூலகத்து மாடியில் பெரியவர்களுக்கு நடக்கும் வகுப்புக்குத்தான் போய்வருகிறேன். இவ்வளவு நடந்தும் தொப்பை குறையவில்லையே என்று அவன் கவலைப்பட்டான், பாவம். செவ்வாய்க்கிழமை அவன் போனை மேஜையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனான். அதே நேரம் உன் செய்தி வந்து விழுந்தது. திரை மங்க மங்கத் தட்டி எழுப்பி நானே படித்தேன். "அப்பா படிக்கிறேன்னு சொல்றதக் கேட்டா பயமா இருக்குடா. புத்தி பிசகுது போல. ஞாயித்துக்கிழமை வந்து இங்க கூட்டிட்டு வந்து டாக்டர்கிட்ட காட்டறேன். அப்பாகிட்ட இப்பவே சொல்லாத. அந்தக் கேமராவ மொதல்ல யார் தலையிலயாவது கட்டு." படித்து முடித்ததும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். ஒரு வார்த்தைகூட விடவில்லை! அர்த்தம் அப்புறம்தான் உறைத்தது. கோபமும் அப்போதுதான் வந்தது.

ஆகவே கேட்டுக்கொள். ஞாயிற்றுக்கிழமை நீ தாராளமாக வா, சாப்பிடு, தம்பியோடு சண்டை போடு, திரும்பிப் போ. நான் வர மாட்டேன். கேமராவை யார் தலையிலும் கட்ட விட மாட்டேன். அது இப்போது என் தலையணைக்கு அடியில் இருக்கிறது. கழுத்து வலிக்கிறது, பரவாயில்லை.

காவல் நிலையத்தில் நடந்ததை உன் தம்பி பாதிதான் சொல்லியிருப்பான், அதுவும் அவனுக்கு வசதியான பாதி. நான் முழுவதும் சொல்கிறேன். நாற்பது வருஷம் கடைப் பலகைகளுக்கு அடிவண்ணம் பூசியவன் நான், உனக்கே தெரியும். உப்புத்தாள் தேய்த்து, பட்டி பார்த்து, மூன்று கை வெள்ளை அடித்துப் பால் மாதிரி கொடுப்பேன். எழுத்துக்காரர் வந்து எழுதுவார். பிறகு ஏணி வைத்து மாட்டுவதும் நான்தான். எது மேல், எது கீழ் என்று எனக்குத் தெரிய வேண்டுமே, அதற்காக அவர் பலகை ஓரத்தில் சுண்ணக்கட்டியால் ஓர் அம்பு போட்டுத் தருவார். ஒருநாள் மழை அந்த அம்பை அழித்துவிட்டது. பெரிய தெரு நகைக்கடையின் பலகை அரை நாள் தலைகீழாகத் தொங்கியது. தெருவே சிரித்தது. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல், ஏணியில் நின்றபடி நானும் சேர்ந்து சிரித்தேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. இந்த ஊரில் நான் மாட்டிய பலகை நூறுக்கு மேல் இருக்கும். அதில் ஒன்றில்கூட என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. எழுத்து வந்ததும் முதலில் எதைப் படிக்க ஆசைப்படுவேன், நீயே சொல்.

பகலில் படிக்கலாமே என்பாய். பகலில் ஒரு பலகைக்கு முன்னால் வாயை முணுமுணுத்துக்கொண்டு நின்று பார், தெரியும். இடிக்கிறார்கள், ஹாரன் அடிக்கிறார்கள், "தாத்தா, வழி தெரியலையா?" என்று கையைப் பிடித்துத் தெருவைத் தாண்டி விட்டுவிடுகிறார்கள். ஒரே பலகையிலிருந்து என்னை நான்கு முறை தெரு தாண்டவைத்துவிட்டார்கள். இதைக் கீழ்வீட்டுக் கல்யாண போட்டோக்காரரிடம் சொல்லி அழுதேன். அவர்தான் வழி சொன்னார். "ராத்திரி போங்க பெரியவரே. ட்ரைபாட்ல கேமராவ வச்சு, முப்பது எண்ணுற வரைக்கும் கண்ணத் திறந்து விடுங்க. நடக்கிறவன், ஓடறவன் எவனும் படத்துல விழமாட்டான். அசையாம நிக்கிறது மட்டும்தான் விழும். வீட்டுக்கு வந்து பெருசு பண்ணி நிதானமாப் படிச்சுக்கோங்க." உன் தம்பி வாங்கி இரண்டு முறை தொட்டுவிட்டுப் பெட்டியில் போட்ட கேமரா சும்மா கிடந்தது. ட்ரைபாட் போட்டோக்காரருடையது. அதில் ஒரு கால் சறுக்கும், என் முட்டியைப் போலவே. இரண்டையும் துணியால் கட்டிக்கொண்டு கிளம்புவேன்.

முதல் இரவு பத்தே எண்ணினேன், நகைக்கடைப் பலகை கரிச்சட்டியாக வந்தது. இரண்டாம் இரவு முப்பது எண்ணினேன், இருபத்தெட்டில் ஒரு பேருந்து முகத்தில் வெளிச்சம் அடித்துப் படத்தைச் சுண்ணாம்பாக்கிவிட்டது. மூன்றாம் இரவு எல்லாம் கூடி வந்தது. விளக்கு வெளிச்சம் சரி, காற்று இல்லை, தெருவில் ஈ காக்கை இல்லை. பொத்தானை அழுத்தி எண்ண ஆரம்பித்தேன். ஆறு எண்ணும்போது ஒரு போலீஸ்காரர் டார்ச்சை ஆட்டிக்கொண்டு சரியாகக் கேமராவுக்கு முன்னால் வந்தார்.

"யோவ் பெரியவரே, பூட்டின நகைக்கடை முன்னாடி இந்நேரத்துல என்ன வேலை?"

எண்ணிக்கையை விட்டால் மூன்று இரவும் வீண். ஒரு விரலைத் தூக்கிப் பொறுக்கச் சொல்லிவிட்டு, "ஒன்பது, பத்து, பதினொண்ணு" என்றேன்.

"என்னத்தய்யா எண்ணுற? பூட்டையா?"

"பன்னெண்டு, பதிமூணு."

அவர் இப்படிப் போனார், அப்படிப் போனார், கையை வீசினார், டார்ச்சை வீசினார். நான் முப்பதை முடித்துப் பொத்தானை விட்டுவிட்டுத்தான் வணக்கம் சொன்னேன். மரியாதையில் நான் குறை வைக்கவில்லை.

நிலையத்தில் ஆய்வாளர், "மூணு நாளா அந்தக் கடையையே எதுக்குப் படம் எடுக்கிறீங்க?" என்று கேட்டார்.

"படிக்கிறதுக்கு ஐயா."

அந்த நேரம் பார்த்து உன் தம்பி தலைதெறிக்க ஓடி வந்தான். வந்தவன் சும்மா நின்றிருக்கலாம். "சார், எங்கப்பாவுக்குப் படிக்கவே தெரியாது சார். வாழ்க்கையில ஒரு எழுத்து படிச்சதில்ல" என்றான். பெற்ற பிள்ளையே சாட்சி சொன்னால் போலீஸ் என்ன செய்யும்? ஆய்வாளர் ஒரு தாளை நீட்டி, "படிங்க பாக்கலாம்" என்றார். கண்ணாடி கேமராப் பையில், பை அவர்கள் பூட்டிவைத்த மேஜை இழுப்பறைக்குள், இழுப்பறைச் சாவி வீட்டுக்குப் போய்விட்ட நிலைய எழுத்தரின் இடுப்பில். கண்ணாடி இல்லாமல் எனக்கு எழுத்தும் எறும்பும் ஒன்றுதான். உன் தம்பி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதில் கோபமே இல்லை, பரிதாபம்தான் இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவன் வெளியே போய் உனக்குப் போன் போட்டதும் அப்போதுதான்.

விடியற்காலையில் சாவி வந்தது. ஆய்வாளர் கேமராவில் படத்தைப் பார்த்தார். கடை இருக்கிறது, பலகை இருக்கிறது, போலீஸ்காரர் இல்லை. அவர் இருந்த இடத்தில் டார்ச் வெளிச்சம் மட்டும் பாம்பாக நெளிகிறது.

"நீ எங்கய்யா நின்ன?"

"கேமரா முன்னாடிதான் சார்."

"காணோமே! ராத்திரி டூட்டியில இருந்தியா, இல்லையா?"

போலீஸ்காரர் என்னைப் பார்த்தார், சாட்சிக்கு. "இருந்தார் ஐயா, ஆனா ஒரு இடத்துல நிக்கல" என்றேன். ஆய்வாளர் சிரித்த சிரிப்பில் தேநீர் சிந்திவிட்டது. பையை வாங்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சுவரில் தொங்கியதை உரக்கப் படித்தேன்: "இங்கு வருவோரை உட்காரவைத்துப் பேசவும்." இரவு முழுவதும் என்னை நிற்க வைத்திருந்தார்கள். உடனே நாற்காலி வந்தது. ஆனால் உன் தம்பி அப்போது வெளியே வண்டியை உதைத்துக்கொண்டிருந்தான். கேட்க வேண்டியவன் கேட்கவில்லை.

அந்தப் பலகையை வீட்டுக்கு வந்து படித்துவிட்டேன். கடைக்காரரின் பெயர், அவர் அப்பாவின் பெயர், கீழே சின்னதாக, "எங்களுக்கு வேறு கிளைகள் இல்லை." முப்பது வருஷமாக அது அங்கே இருக்கிறது. எனக்கு மட்டும்தான் அது நேற்றைய செய்தி. இதற்காகவா டாக்டர்? இதற்காகவா ஞாயிற்றுக்கிழமை? இன்னும் நூறு பலகை பாக்கி இருக்கிறது. நான் இந்த வீட்டை விட்டு ஓர் அடி நகர மாட்டேன். இது முடிந்த முடிவு, மாப்பிள்ளை வந்து காலில் விழுந்தாலும் மாற்றமில்லை.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், பெற்றவன் சொல்வதை நம்பும் காதுகளோடு நூறு வயது வாழ என் ஆசிகள்.

இப்படிக்கு,
உன் அப்பா (கையெழுத்து, கைநாட்டு அல்ல)

பின்குறிப்பு: உறையில் உன் புது வீட்டு முகவரியை இப்போதுதான் பார்த்து எழுதினேன். "பதினாறாம் மாடி, பாலத்துக்கு எதிரில்" என்று இருக்கிறது. இதை ஏன் எனக்கு யாரும் சொல்லவில்லை? அத்தனை உயரத்திலிருந்து எடுத்தால் அந்த ஊர்ப் பலகை எல்லாம் ஒரே படத்தில் விழுமே! ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், சனிக்கிழமையே வண்டி கொண்டு வா. ட்ரைபாட் முன் இருக்கையில் வரும், நீ பின்னால் உட்கார். பால்கனியில் துணி காயப் போட்டிருந்தால் எடுத்துவிடு. டாக்டரிடம் என்னை ஒரு முறை காட்டிக்கொள், நான் தடுக்கவில்லை, அவர் பலகையையும் படித்துவிடலாம். நான் பக்கத்து அறையிலேயே இருந்தாலும் அடுத்த வாரம் உனக்கு எழுதுவேன், கதவுக்கு அடியில் தள்ளிவிடுகிறேன். நீயும் எழுதித்தான் பதில் போட வேண்டும். வாயால் சொன்னால் செல்லாது.