நான் போனேன், அது மாட்டிக்கொண்டது

தூரத்திலிருந்து எதையாவது ஓட்டுகிறவர்களில் ஒரு தனி இனம் உண்டு. காரியம் நடந்தால் 'நான்' என்பார்கள். கெட்டால் 'அது' என்பார்கள். இந்த இனத்துக்கு இதுவரை யாரும் பெயர் வைக்காததால் 'நானதுகள்' என்று வைத்திருக்கிறேன். பெயர் பிடித்திருந்தால் நான் வைத்தது; பிடிக்காவிட்டால் அது தானாக வந்தது.

நம் ஆள் பாதாளச் சாக்கடைக் குழாய்களுக்குள் ரோபோ ஓட்டுகிறவர். அவர் உட்கார்ந்திருப்பதோ தெருவோரம் நிற்கும் வேனில், மெத்தை போட்ட நாற்காலியில், மின்விசிறிக்கு நேர் கீழே. சேற்றுக்குள் கேமராவுக்குக் கண் தெரியாது என்பதால் ரோபோவின் முகத்தில் பூனைக்கு இருப்பதுபோல இரண்டு பக்கமும் மீசை வைத்திருக்கிறார்கள். மீசையில் என்ன பட்டாலும் ஓட்டுகிறவரின் கையுறைக்குள் தெரிந்துவிடும். கல் என்றால் சுருக்கென்று, சேறு என்றால் சொதசொதவென்று. போட்டிருப்பவரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. ஒரு நானதுக்கு இதைவிட வசதி வேண்டுமா?

"இன்னிக்கு நான் ஆஸ்பத்திரிக்கு அடியிலயே போயிட்டு வந்தேன்" என்பார் வீட்டுக்கு வந்ததும், சட்டையில் ஒரு சொட்டு அழுக்கு இல்லாமல்.

"போன வாரம் குழாயை உடைச்சீங்களே, அந்தப் பக்கமா?" என்பார் மனைவி.

"நான் எங்க உடைச்சேன்? அது உடைச்சிடுச்சு."

மகள் பரிசு வாங்கி வந்தால் 'என் பொண்ணு', சுவரில் கிறுக்கினால் 'உன் பொண்ணு' என்பதும் இந்த இலக்கணத்தில் சேர்ந்ததுதான்.

அன்றைக்கு ஒரு வளைவில் இடது கை சொதசொதத்தது. ஐந்து விரலும் 'வேண்டாம், வேண்டாம்' என்றன. அவருக்கு அது நன்றாகவே தெரிந்தது. தெரியாததுபோல் இன்னும் கொஞ்சம் முடுக்கினார். ரோபோ நின்றது, திரை இருண்டது.

"என்னாச்சு?" என்று வேனுக்குள் எட்டிப் பார்த்தார் பொறியாளர் அம்மா.

"அது மாட்டிக்கிச்சு மேடம்."

"மீசையில என்ன ஒட்டியிருக்கு? கல்லா, சேறா?"

"ஒண்ணுமே ஒட்டலை மேடம்."

அந்த அம்மா பெருமூச்சு விட்டார். எதில் மாட்டியிருக்கிறது என்று தெரியாமல் இழுத்தால் ரோபோவைக் கட்டியிருக்கும் கயிறு அறுந்துவிடும். ஆள் இறங்கித்தான் எடுக்க வேண்டும். ஆள் இறங்கக் கூடாது என்பதற்காகத்தான் இத்தனை மீசையும் வைத்தது!

இறங்குகிற ஆள் யார் தெரியுமா? நம் ஆளின் மனைவியுடைய தம்பி. இடுப்பில் கயிறு கட்டி, முழங்கால் வரை பூட்ஸ் மாட்டிக்கொண்டு வேன் வாசலில் வந்து நின்றான்.

"மாமா, நீங்க தினமும் உள்ள போயிட்டு வர்றவரு. எனக்கு இதுதான் முதல் தடவை. உள்ள மூச்சு விட முடியுமா?"

கேலியாகத்தான் கேட்டான். ஆனால் இடுப்புக் கயிற்றின் முடிச்சை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துக்கொண்டான். உள்ளே மூச்சு விட முடியுமா என்பது மாமாவுக்கு எப்படித் தெரியும்? அவர்தான் ஒரு நாளும் உள்ளே போனதே இல்லையே!

பையன் குழி ஓரத்தில் உட்கார்ந்து ஒரு காலை உள்ளே விட்டான்.

"டேய், இறங்காதே!" கையுறையோடு வேனிலிருந்து கத்தினார். "மேடம், இடது பக்கம் சேறு. மீசை சொல்லிச்சு. நான்தான் கேக்கலை. நான்தான் முடுக்கினேன். நான்தான் மாட்டிக்கிட்டேன்!"



"இதை முதல்லயே சொல்றதுக்கென்ன?" என்றார் அந்த அம்மா. "வலது பக்கமா ஒடிச்சு, மெதுவா பின்னால எடுங்க. தம்பி, நீ மேல இருந்தே ரோபோவோட கயித்தை இழு."

கால்மணி நேரப் போராட்டத்துக்குப் பிறகு மீசை நிறைய சேற்றோடு ரோபோ வெளியே வந்தது.

"வந்துட்டேன்! நான் வெளிய வந்துட்டேன்!" என்று நாற்காலியில் துள்ளினார் மாமா.

"கால் கழுவிட்டு வாங்க" என்றான் மச்சினன், சேறே படாத பூட்ஸைக் கழற்றிக்கொண்டே.

துள்ளிய துள்ளலில் முழங்கை பட்டு, பக்கத்திலிருந்த தண்ணீர் டம்ளர் கீழே போய்ச் சுக்குநூறானது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அது விழுந்துடுச்சு" என்றார்.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: போன மாதம் உங்கள் வீட்டில் அந்தப் புதுக் கண்ணாடிக் கிண்ணம் உடைந்ததா, உடைத்தீர்களா?