இலை விட்ட கூடு

எங்கள் கலை மையத்துக்கு யார் வேண்டுமானாலும் வரலாம். இயற்கை மட்டும் வரக் கூடாது.

கட்டடம் முழுவதும் பூசாத கான்கிரீட். பூச மறந்துவிட்டார்கள் போலும் என்று கரணையோடு உள்ளே வந்த கொத்தனாரை ஒருமுறை வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறோம். ஜன்னல்கள் உண்டு, திறக்காது. வாசலில் நின்ற ஒரே மரமும் கட்டடத்தின் அழகை மறைக்கிறதென்று வெட்டப்பட்டது. அதற்கு அடுத்த வாரம்தான் ‘இயற்கையின் மடியில்’ என்ற கைவினை, சிற்பக் கண்காட்சிக்கு ஆணை வந்தது. நான் அங்கே எழுத்தர். பதிவேடு என் பொறுப்பு.

பதினேழாம் எண் காட்சிப்பொருள் ஒரு கூடு. ஓர் ஆள் உள்ளே உட்காரலாம். கூடை பின்னும் அக்கா ஒருவர் பச்சைக் குச்சிகளை வளைத்து வளைத்துப் பின்னியிருந்தார். கண்ணை எடுக்க முடியாது, அவ்வளவு அழகு. சிறந்த படைப்பாளிக்கு மையத்திலேயே ஓராண்டுக்குப் பட்டறை அறை தருவதாக அறிவித்திருந்தோம். அக்காவுக்கு அந்த அறைமேல்தான் ஆசை. அவர் வீட்டில் பின்னுவதற்கு இருப்பது சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவே உள்ள நடை. பெரிய கூடை பின்னுகிற நாட்களில் அவர் வீட்டுக்காரர் ஜன்னல் வழியாக இறங்கித்தான் வேலைக்குப் போவார்.

பத்தாம் நாள் கூடு துளிர்விட்டது.

காரணம் எங்கள் கூரை. விருது வாங்கிய கூரை என்பதால் ‘ஒழுகுகிறது’ என்று எழுத அனுமதியில்லை. ‘ஈரப்பதம் கீழிறங்குகிறது’ என்றுதான் எழுத வேண்டும். அது நேராகப் பதினேழாம் எண்ணின் தலையில் கீழிறங்கியிருந்தது.

இயக்குநர் வந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். இலை போகவில்லை.

"என்னய்யா இது?"

"இலை சார்."

"பதிவேட்டுல இலை இருக்கா?"

"குச்சி மட்டும்தான் சார் இருக்கு."

"அப்ப இது அத்துமீறல். அந்தம்மாவைக் கூப்பிடு."

அக்கா ஓடி வந்தார். இலையைக் கண்டதும் அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "உசிரு இருக்கு பாருங்க சார்!" குற்றத்தை இவ்வளவு சந்தோஷமாக ஒப்புக்கொண்டவரை எங்கள் அலுவலகம் கண்டதில்லை.

"அம்மா, இது இயற்கையைத் தழுவின கண்காட்சி. இயற்கை இல்ல. வித்தியாசம் புரியுதா?"

"தண்ணி பட்டா துளிர்க்கத்தானே சார் செய்யும்?"

"தண்ணி எங்கேருந்து வந்துச்சு?"

அக்கா மேலே பார்த்தார். நானும் மேலே பார்க்கப் போனேன். இயக்குநர் இருமினார். நான் பதிவேட்டைப் பார்த்தேன்.

தினமும் காலையில் நான் இலைகளைக் கிள்ள வேண்டும் என்று ஆணை பிறந்தது. இல்லையென்றால் கூடு தெருவுக்குப் போகும், அறையும் கிடையாது. அறைக்காக அக்கா பல்லைக் கடித்துக்கொண்டார். நான் கிள்ளினேன். கிள்ளக் கிள்ளத் தழைத்தது. செய்தி பரவி, துளிரைப் பார்க்கக் கூட்டம் கூடியது. ‘இலை விட்ட கூட்டை’ வெள்ளிக்கிழமை செயலாளர் அம்மையார் பார்வையிடுவார் என்று தலைமையகத்திலிருந்து கடிதம் வந்தது.

"இலை வேணும்யா, நிறைய வேணும்!" என்று இயக்குநர் பறந்தார். பறந்த வேகத்தில், அம்மையார் தலையில் ஈரப்பதம் கீழிறங்கிவிடக் கூடாதே என்று பன்னிரண்டு ஆண்டுகளாக அடைக்காத கூரையை அடைத்தும் விட்டார். வியாழக்கிழமைக்குள் இலையெல்லாம் கருகி உதிர்ந்தது.

"ஒரு வாளி தண்ணி ஊத்தினா மறுபடி வந்துடும் சார்" என்றார் அக்கா.

"கூடத்துக்குள்ள தண்ணி கொண்டு வரத் தடை இருக்கும்மா."

ஆகவே நான் கடைக்குப் போய் முந்நூறு பிளாஸ்டிக் இலைகளை வாங்கி வந்து, கம்பி வைத்துக் கட்டினேன். நன்றாகவே கட்டினேன் என்பதை இங்கே சொல்லிக்கொள்கிறேன்.

அம்மையார் வந்தார். ஓர் இலையைத் தடவிப் பார்த்தார். "அசல் மாதிரியே இருக்கே! யார் செஞ்சது?"

இயக்குநர் பதிவேட்டைப் புரட்டினார். அக்கா செய்தது இலையில்லாத கூடு. இங்கே இருப்பதோ இலையுள்ள கூடு. விதிப்படி இது வேறு படைப்பு. "இவர்தான் மேடம்" என்று என்னைக் காட்டினார்.

அக்கா என் பக்கத்திலேயே நின்றிருந்தார். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் கைதட்டல் தொடங்கிவிட்டது. பெரியவர்கள் கைதட்டும்போது குறுக்கே பேசுவது மரியாதையில்லை. அறை எனக்குக் கிடைத்தது. வெட்கமாகத்தான் இருந்தது; சாவியை வாங்கிக்கொண்டேன்.

அக்கா மிச்சமிருந்த பச்சைக் குச்சிகளை மையத்தின் வெளிச்சுவரோரம், கூரைத் தண்ணீர் விழுகிற இடத்தில் ஊன்றிவிட்டுப் போனார். அவை தழைத்து இப்போது ஆள் உயரத்தைத் தாண்டி நிற்கின்றன. அந்த நிழலில் உட்கார்ந்துதான் அவர் பின்னுகிறார். பிளாஸ்டிக் இலையோடு படம் எடுத்துக்கொள்ள வருகிறவர்களின் வரிசையும் அந்த நிழலில்தான் நிற்கிறது. ஒருவரும் தலையைத் தூக்கிப் பார்ப்பதில்லை. போன ஞாயிறு நீங்களும் நின்றிருந்தீர்கள், பார்த்தேன்.

அடுத்த மாதத்துக்குள் என்னுடைய இரண்டாவது படைப்பு வேண்டுமாம். எனக்கு முடிச்சுப் போடத் தெரியும், பின்னத் தெரியாது. வேறு வழியில்லாமல் அக்காவிடம் போய் நின்றேன்.

"அக்கா, இன்னொரு கூடு பின்னித் தரணும்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு வானத்தைப் பார்த்தார்.

"தரேன் தம்பி. மழை வர்ற மாதிரி இருக்கு. உங்க அறையில ஒரு மூலை குடுத்தா, அங்கேயே உக்காந்து பின்னிடுவேன்."

சாவி என் சட்டைப்பையில்தான் இருந்தது.

"ஒரு மனு எழுதிக் குடுங்கக்கா" என்றேன். "மேல கேட்டுச் சொல்றேன்."